இருக்கீங்களா, எல்டர்?

அவன் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. என் வீட்டு மாடியில் மார்கழியும் தையும் குடியிருந்தான். என் வீட்டு அடுப்பில் சட்டை காயவைத்தான். என் மனைவி கையால் சாப்பிட்டான். பெயரை ஒளித்து வைத்திருந்தான் என்றும் சொல்ல முடியாது. சட்டைப் பைக்கு மேலே கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தில் குத்தியிருந்தான். ஆனால் அது இங்கிலீஷ். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அதற்காக வெட்கப்பட்டது கிடையாது. கொடியில் தொங்கும் மிளகை அண்ணாந்து பார்த்தே காய்ந்தால் எத்தனை கிலோ தேறும் என்று சொல்கிற ஆள் கொல்லிமலையில் என்னைத் தவிர இன்னொருவன் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்ப்போம். தலையில் வாழைத்தார் சுமந்து ஒற்றையடிப் பாதையில் அடிவாரம் வரை இறங்கி ஏறிய கால்கள் இவை. இன்றைக்கு ஜீப் இருக்கிறது, மிளகுக் கடை இருக்கிறது, செம்மேட்டை ஒட்டி மாடி வைத்த வீடு இருக்கிறது. எங்கள் தெருவில் முதலில் மாடி எழுப்பியவன் நான்தான்.

அந்த மாடி அறைக்குத்தான் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். கூட்டி வந்தது திண்ணனூர் நாட்டில் வேலை பார்க்கும் நர்ஸம்மா. எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் கீழ்நாட்டுக்காரர், கிறிஸ்தவர், இங்கே மாற்றலாகி வந்தவர்.

வந்தவர்களில் ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. இரண்டு பேருக்கும் வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சில் தகடு. பெயர் கேட்டேன். நெட்டையானவன் "எல்டர்" என்று ஆரம்பித்து ஏதோ சொன்னான். குட்டையானவனும் "எல்டர்" என்றுதான் ஆரம்பித்தான். அதற்குப் பிறகு சொன்னது என் காதில் நிற்கவில்லை.

"ஏஞ்சாமி, ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? ரெட்டைப் புள்ளைங்களா?" என்றேன்.

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பேரில்லீங்க. எல்டர்னா பெரியவர், மூத்தவர்னு அர்த்தம். எங்க சபைய மார்மன்னு சொல்லுவாங்க. ரெண்டு வருசம் ஊழியத்துக்கு வர்ற பசங்கள அப்படித்தான் கூப்பிடுவோம்."

"இவனுக்கு என்ன வயசு?" என்று குட்டையானவனைக் காட்டிக் கேட்டேன்.

"பத்தொம்பதுங்க."

"பத்தொம்பது வயசுல இவன் மூத்தவன். எனக்கு அறுபத்தாறு. அப்ப நான் யாருங்க?"

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி, "நீங்க கெழவன்" என்றாள். அன்றைக்குத்தான் குட்டை எல்டர் முதல்முதலாகச் சிரித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் சிரித்தது குறைவு.

இங்கே மதப் பேச்சு வேண்டாம், எங்கள் சாமி எங்களுக்கு, உங்கள் சாமி உங்களுக்கு என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். "சரிங்கய்யா" என்றார்கள். சொன்னபடி இருந்தார்கள். மலையில் உத்தியோகம் பார்க்க வந்த அவர்கள் சபைக் குடும்பங்கள் மூன்று இருந்தன. நர்ஸம்மா குடும்பம் ஒன்று, பைல் நாட்டில் ஒரு வாத்தியார் குடும்பம், இன்னொன்று ஆபீஸ் கிளார்க் வீடு. அந்த மூன்று வீட்டுக்கும் மாற்றி மாற்றி நடப்பார்கள். போகிற வழியில் யாராவது விறகு சுமந்து வந்தால் வாங்கிச் சுமப்பார்கள். கிழங்கு பிடுங்கினால் கூட நின்று பிடுங்குவார்கள். காலையில் ஆறரைக்கு எழுவார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன் மண்டியிடுவார்கள். பிறகு படிப்பு. பிறகு குளியல்.

அந்தக் குளியல் நேரத்தில்தான் முதல் நாளே நான் அதைக் கேட்டேன்.

குளியலறை மாடிப்படிக்குக் கீழே, வெளியில். நெட்டை எல்டர் உள்ளே போய்த் தாழ் போட்டான். குட்டை எல்டர் கதவுக்கு வெளியே, மார்கழிக் குளிரில், குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு நின்றான். கதவைத் தட்டினான்.

"எல்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"எல்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

ஒரு குளியலுக்குள் எட்டு தடவை கேட்டான். நான் எண்ணினேன். குளிக்கப் போனவன் ஜன்னல் வழியாகவா ஓடிவிடுவான்? அந்தக் குளியலறைக்கு ஜன்னலே கிடையாது, கட்டியவன் நான்.

நர்ஸம்மாவிடம் கேட்டேன். அது அவர்கள் சட்டமாம். ஊழியத்தில் இருக்கிற ரெண்டு வருசமும் இரண்டு இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். ஒருவன் கண்ணுக்கு இன்னொருவன் தெரிய வேண்டும், கூப்பிட்டால் காது கேட்க வேண்டும். "ஆனா குளிக்கறப்பகூடவெல்லாம் இல்லீங்க" என்று அவரே சொன்னார். "இந்தப் பையன் கொஞ்சம் அதிகமாத்தான் பண்றான்."

கீழ்நாட்டில் அந்தச் சட்டம் செல்லும். எங்கள் மலையில் மார்கழியில் மேகம் தரைக்கு இறங்கிவிட்டால் நீட்டிய கையில் விரல் தெரியாது. முன்னால் போகிறவன் நாலு எட்டு வைத்தால் ஆளே கரைந்துபோவான். காக்கிநாடாப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவன் குட்டை எல்டர். தெலுங்குக்காரன், தமிழ் படித்து வந்திருந்தான். குளிரையும் அவன் அதற்கு முன் பார்த்ததில்லை, இப்படித் தரைக்கு இறங்கும் மேகத்தையும் பார்த்ததில்லை. முதல் நாள் அவர்கள் பைல் நாட்டுக்குக் கிளம்பியபோது, தெரு முனைக்குப் போவதற்குள் அவன் குரல் இருபது தடவை கேட்டது. திரும்பி வரும்போது ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஒரு சிவப்புக்கரைத் துண்டு. அதன் ஒரு முனையை நெட்டை எல்டர் பிடிக்க வேண்டும், மறுமுனையை இவன் பிடிப்பான். அப்படியே நடப்பார்கள்.

டீக்கடையில் இருந்தவர்களுக்கு அது போதாதா?

"ஏம்ப்பா, சந்தைக்குப் போறீங்களா? இதுல யாரு மாடு, யாரு ஓட்டிட்டுப் போறவரு?"

"நெட்டைதான் மாடு. பாரு, தலையத் தொங்கப் போட்டுட்டுப் போகுது."

குட்டை எல்டருக்கு அது உறைக்கவே உறைக்காது. "வணக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். நெட்டையானவன் காது சிவந்துவிடும். அவன் வேலூர்ப் பக்கத்துப் பையன், தமிழ் அவனுக்குத் தாய்மொழி. கேலியில் ஒரு சொல்கூட அவனுக்குத் தப்பாது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

குட்டை எல்டர் எல்லாவற்றிலும் அப்படித்தான். எதையும் நம்பி விடமாட்டான், எதிலும் ஒரு பயம். டீ, காபி குடிக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. இந்தக் குளிரில் வீட்டுக்கு வந்தவனுக்கு டீ கொடுக்காமல் எப்படி? மறுத்தால் எங்கள் ஆட்களுக்கு மனசு வருத்தம். நெட்டையானவன் பக்குவமாகச் சொல்லிச் சுடுதண்ணீர் வாங்கிக் குடித்துவிடுவான். இவனோ டம்ளரை முகர்ந்து பார்ப்பான். ஒருநாள் இருமிக்கொண்டே இருந்தான் என்று என் மனைவி சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். "சுக்குக்காபி, குடி கண்ணு" என்றாள்.

கை பின்னால் போய்விட்டது. "காபி வேண்டாங்கம்மா."

"இதுல காபியே இல்ல சாமி."

"பேர்ல இருக்குதுங்களே."

அரை மணி நேரம் மன்றாடினாள். அசையவில்லை. இரண்டு நாள் இருமிச் செத்தான். மூன்றாம் நாள் அதே டம்ளரில் அதே சாமானைக் கொண்டுபோய், "இது சுக்குத்தண்ணி" என்றாள். மடமடவென்று குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் பையன் எதையோ தொலைச்சிட்டு வந்திருக்குதுங்க. அதான் இப்படி எல்லாத்தையும் இறுக்கிப் புடிக்குது" என்றாள். பொம்பளைங்க இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவர்களுடைய சட்டைகளுக்கும் அந்த இரண்டு மாதமும் பெரிய கஷ்டம். திங்கட்கிழமை துவைப்பார்கள். மேகத்தில் மூன்று நாள் ஆனாலும் காயாது. கடைசியில் எங்கள் விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைப்போம். வெள்ளைச் சட்டையெல்லாம் புகை குடித்துப் பழுப்பாகிவிட்டது. டை கட்டிய இரண்டு பையன்களும் எங்கள் சமையலறை வாசனையோடு மலையெல்லாம் திரிந்தார்கள்.

ஒருநாள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நான் ஹாரன் அடிப்பேன். பின்சீட்டில் இருந்து குட்டை எல்டர் கேட்டான்.

"அய்யா, யாரும் இல்லையே. ஏன் அடிக்கிறீங்க?"

"யாரும் இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் எவனாச்சும் வந்தா அவனும் அடிப்பான். இத்தனை வருசம் ஓட்டறேன், என் வண்டியில ஒரு கீறல் உண்டா பாரு. பதில் ஹாரன் வருதான்னு காது குடுக்காம நான் வளைய மாட்டேன்."

அடுத்த வளைவில் நான் ஹாரன் அடிப்பதைக் கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் கேக்கறதும் அதுக்குத்தாங்க."

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டையானவன் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டான்.

இனி சொல்லப்போவது நான் செய்த தப்பு. இந்த வயது வரை நான் செய்த தப்புகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அதில் இது ஒன்று.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் ஜீப்பில் வாழைத்தார் அடுக்கிக்கொண்டிருந்தேன். நெட்டையானவன் கயிறு பிடிக்க வந்தான். குட்டையானவன் பத்தடி தள்ளி, துவைக்கிற கல்லில் சட்டை கும்மிக்கொண்டிருந்தான்.

நெட்டையானவன் குனிந்து, உதடு அசையாமல் சொன்னான். "அய்யா, நாளைக்குக் காலையில சோளக்காட்டுச் சந்தைக்கு லோடு எடுத்துட்டுப் போறீங்கல்ல? என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? என்னை மட்டும்."

"எதுக்கு?"

"அங்கிருந்து பஸ்ஸப் புடிச்சுக் கீழ போறேன். அரை நாள். சும்மா நடந்துட்டு வரேன். ஓடிப்போகல. சத்தியமா சாயங்காலம் வந்துருவேன்."

கல்லிலிருந்து குரல் வந்தது. "எல்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் குரலைத் தாழ்த்தினான். "பாத்தீங்களாய்யா? தூங்கி எந்திரிச்சாலும் இதுதான். கக்கூஸ் போனாலும் இதுதான். எனக்கு மூச்சு முட்டுது. ஒன்னரை மாசமா நான் ஒரு நிமிசம் தனியா இல்ல. இப்படியே போனா ஊழியத்தையே விட்டுட்டு ஊருக்குப் போயிருவேன். அரை நாள் கெடைச்சா யோசிச்சு, இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணிருவேன்."

எனக்கு அவன் சொன்னது புரிந்தது. காட்டில் தனியாகவே பாடுபட்டு மேலே வந்தவன் நான். மேலே இருந்து ஒருத்தன் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் நானும் உருப்பட்டிருக்க மாட்டேன்.

"வா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அவருக்கு ஒரு சீட்டு எழுதி வச்சிட்டு வந்துரட்டுங்களா?"

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சீட்டு எதுக்கு? நான் இருக்கறப்ப சீட்டா? எழுத்தே இல்லாம ஊர்ப்பட்ட யாவாரம் பண்ணினவன் நான். நான் வாயால சொன்னா பத்திரத்துல ரேகை வச்ச மாதிரி. அவன் ஆறரைக்குத்தானே எந்திரிப்பான்? நான் ஆறுகாலுக்கு இங்க இருப்பேன். பக்குவமா எடுத்துச் சொல்லிர்றேன்."

"எல்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மறுநாள் ஐந்து மணிக்கே இருட்டோடு கிளம்பினோம். அவன் முன்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். சந்தோசமாக இருப்பான் என்று நினைத்தேன். இல்லை. பாதி வழியில் அவனாகவே பேசினான்.

"அவர் மேல தப்பில்லீங்கய்யா. இதுக்கு முன்னால வேற ஊர்ல இருந்தப்போ அவர்கூட இருந்த எல்டர் குளிக்கப் போனார். கேஸ் கீசர். புகை உள்ளேயே நின்னுருச்சு. இவர் வெளிய உக்காந்து படிச்சிட்டு இருந்திருக்கார். முக்கால் மணி நேரம். தண்ணிச் சத்தம் நின்னது இவருக்குத் தெரியல. கதவ ஒடச்சாங்க. உசிரு பொழைச்சார். ஆனா பழைய ஆளா இல்லையாம். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தாப் போதும்னு இவர் சொல்லிட்டே இருப்பார்."

வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். அல்லது அங்கேயே நிறுத்தி ஒரு சீட்டாவது எழுதி வாங்கியிருக்க வேண்டும். "சரி சரி, நான்தான் சொல்றேன்னு சொன்னேனில்ல" என்று ஓட்டினேன். சோளக்காட்டில் அவனை இறக்கி, தாரையும் இறக்கிவிட்டுத் திரும்பினேன். நேரம் தாராளமாகத்தான் இருந்தது.

வழியில் ஒரு வளைவில் ஹாரன் அடித்தேன். பதில் இல்லை. வளைந்தேன். மேகத்துக்குள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு கிழங்கு லாரி. பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றது. விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை, பேட்டரி போயிருந்தது. இரண்டு முழம் இடைவெளியில் பிரேக் பிடித்தேன்.

நான் இறங்கி நடந்திருக்கலாம். வீட்டுக்கு ஒரு மணி நேர நடை. ஆனால் லாரிக்காரன் என்னைப் பார்த்ததும், "அண்ணா, நல்ல வேளை நீங்க வந்தீங்க" என்றான். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். கல் கொண்டு வா, முட்டுக் கொடு, மூட்டையை இறக்கு என்று நின்றவர்களையெல்லாம் வேலை வாங்கினேன். நான் இல்லாவிட்டால் அந்த லாரி மத்தியானம் வரை அங்கேதான் கிடந்திருக்கும், அது உண்மை. அந்த நேரமெல்லாம் பையன் நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் தள்ளிவைத்தேன்.

வீட்டுக்கு வரும்போது மணி எட்டரை. மேகம் இன்னும் கனத்திருந்தது. என் மனைவி நடுத்தெருவில் நின்றாள்.

"ஏனுங்க, எங்கீங்க போனீங்க? நெட்டைப் பையனக் காணோமுங்க. குட்டைப் பையன் தேடிட்டு ஓடிருச்சு. செருப்புக்கூடப் போடல."

"எந்தப் பக்கம்?"

"தொவைக்கற கல்லுல அந்தத் துண்டு கெடந்துச்சு. அதப் பாத்துட்டு மெளகுத் தோட்டத்துக்குள்ள எறங்கிருச்சு. இவ்வளவு நேரம் கத்தறது கேட்டுச்சு. இப்பக் கேக்கலீங்க."

துண்டை நெட்டையானவன் வேண்டாமென்று விட்டுப் போயிருந்தான். அதைப் பார்த்தவனுக்கு, தண்ணீர் மொள்ளப் போனவன் தோட்டத்துக்குள் வழுக்கி விழுந்துவிட்டான் என்றுதானே தோன்றும்? என் மிளகுத் தோட்டம் நூறு மரம் தாண்டியதும் முடிந்துவிடும். முடிகிற இடத்தில் வேலி இல்லை. பாறை, அதற்குக் கீழே பள்ளம். பகலில் எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். தெரியாதவனுக்கு மேகத்தில் அதுவும் தரைதான்.

இறங்கினேன். இந்தக் காட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் தோட்டத்தில் என் மரங்களையே தடவித் தடவி நடந்தேன். நின்று காது கொடுத்தேன். இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் தவிர ஒன்றுமில்லை.

பிறகு கேட்டது. தொண்டை கட்டிப்போன குரல். நான் நினைத்த இடத்துக்கும் கீழே, பாறைப் பக்கமாக.

"எல்டர்! இருக்கீங்களா?"

"தம்பி! நில்லு! அங்கியே நில்லு!" என்று கத்தினேன்.

குரல் நிற்கவில்லை. இன்னும் தள்ளிக் கேட்டது. "எல்டர்! இருக்கீங்களா?"

"சாமி, அந்தப் பக்கம் போகாத! பள்ளம்! நில்லு கண்ணு!"

அவன் காதில் விழுந்திருக்கும். ஆனால் அவன் காது ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் திறந்திருந்தது. வேறு எந்தச் சொல்லும் அதற்குள் போகவில்லை. சருகு மிதிபடும் சத்தம் நின்று, பாறையில் கால் வைக்கும் சத்தம் வந்தது.

"எல்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன்!" என்றேன்.

காலடிச் சத்தம் நின்றது.

"எங்க?"

"இங்கதான் இருக்கேன். உக்காரு. அசையாம உக்காரு."

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே குரல் வந்த பக்கம் போனேன். எத்தனை தடவை கேட்டான், எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. கடைசியில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பாறை மேல் குந்தியிருந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு எட்டில் மேகம் மட்டும்தான் இருந்தது. கையில் அந்தச் சிவப்புக்கரைத் துண்டு. காலெல்லாம் முள் கீறி ரத்தம். கையைப் பிடித்து இழுத்து மரத்தடிக்குக் கொண்டுவந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"நீங்களாய்யா? அவர் எங்க?"

"சாமி, அவன் நல்லா இருக்கான். நாந்தான் கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்தி உட்டேன். அரை நாள் தனியா இருக்கணும்னான். சாயங்காலம் வந்துருவான். உங்கிட்டச் சொல்றேன்னு நாந்தான் வாக்குக் குடுத்தேன். சீட்டு எழுதறேன்னான், நாந்தான் வேண்டாம்னேன்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பல் கிடுகிடுக்க என்னையே பார்த்தான்.

"ஸ்வெட்டர் போட்டிருந்தாரா?" என்று கேட்டான்.

"போட்டிருந்தான்."

அதற்கப்புறம்தான் அழுதான். என் சால்வையைப் போர்த்தினேன். மேலே ஏறும்போது பாதியில் நின்றான். "அய்யா, நான் கூப்பிட்டப்போ நீங்க ஏன் இருக்கேன்னு சொன்னீங்க?"

"வேற எதுக்கும் நீ திரும்பலியே கண்ணு. பொய்தான். மனசுல வச்சுக்காத."

மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். அவனுக்கு எதையும் சரியாக வைத்துப் பார்க்க வேண்டும். "நான் எல்டர்னுதாங்க கூப்பிட்டேன். நீங்க இருந்தீங்க. பொய் இல்லீங்க" என்றான்.

மத்தியானத்திலிருந்தே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். காலில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணிக்கட்டு. கையில் என் மனைவி கொடுத்த சுக்குத்தண்ணி ஆறிப்போயிருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்குப் போகவில்லை. வருகிறேன் என்று நெட்டையானவன் சொல்லியிருந்தான். வருவான் என்று நான் சொன்னேன். என் வாக்கு என்ன லட்சணம் என்று காலையில்தான் பார்த்தாயிற்று. இரண்டு மணி பஸ் வந்தது. மூட்டைகள் இறங்கின, கோழி இறங்கியது, அவன் இறங்கவில்லை. குட்டை எல்டர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்தான். பஸ்ஸுக்கு முன்னால் அதன் ஹாரன் கேட்கும் அல்லவா, அதற்காகத் தலையைச் சாய்த்து வைத்திருந்தான்.

நாலு மணி பஸ்ஸில் வந்தான். நெட்டையானவன் படியிலிருந்து இறங்கி, இவன் காலைப் பார்த்தான். துணிக்கட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க அவன் முகம் செத்துவிட்டது. குட்டையானவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை. இருக்கிறீர்களா, போகிறீர்களா என்றும் கேட்கவில்லை. துண்டை மடித்துப் பைக்குள் வைத்தான்.

நெட்டையானவன் அங்கேயே நின்று, கீழே நகரத்தில் இருக்கும் அவர்கள் தலைவருக்குப் போன் போட்டு, "சட்டத்த மீறினது நாந்தாங்க" என்று அவனே சொன்னான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு, "யோசிச்சு நாளைக்குச் சொல்லச் சொல்லியிருக்கார்" என்றான். குட்டையானவன் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். நடுவில் துண்டு இல்லை. நான் பின்னால் போனேன்.

அன்று சாயங்காலம் முழுக்க மாடியில் அந்தக் குரல் கேட்கவில்லை. ஒன்றரை மாதமாக எரிச்சல் மூட்டிய குரல். கேட்காமல் போனபோது எனக்கும் என் மனைவிக்கும் சோறு இறங்கவில்லை.

காலையில் வழக்கம்போல் நெட்டையானவன் குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனான். தாழ் விழுந்தது. குட்டையானவன் கதவுக்கு வெளியே நின்றான். குரங்குக் குல்லாய், டை, காலில் கட்டு. தட்டுவதற்குக் கை எடுத்தான். எடுத்த கையை அப்படியே வாயில் வைத்துப் பொத்திக்கொண்டான். கேட்கக் கூடாது என்று அவனுக்கு அவனே முடிவு செய்திருக்கிறான் போலிருக்கிறது. கண் மட்டும் கதவிலேயே இருந்தது.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு சொம்பு. இரண்டு சொம்பு. பிறகு நின்றது.

சமையலறை வாசலில் என் மனைவி கரண்டியோடு நின்றாள். நான் பல் விளக்கிய குச்சியோடு நின்றேன். யாரும் அசையவில்லை. இன்னும் தண்ணீர்ச் சத்தம் இல்லை. எனக்கே கூப்பிட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இருக்கேன்!" என்றது உள்ளேயிருந்து.

யாரும் கேட்டிருக்கவில்லை.